சப்பாத்துத் தைத்த சட்டத்தரணி

(எமது சங்கத்தின் புத்தாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



புத்தாண்டு என்றால் எங்கட வீடுகளில் முதல் வேலை பஞ்சாங்கம் பார்க்கிறது. வாக்கிய பஞ்சாங்கம் ஒரு நேரம் சொல்லும், திருக்கணிதம் இன்னொரு நேரம் சொல்லும். எந்த நேரத்துக்கு மருத்துநீர் வைக்கிறது என்று என்ர அம்மாவும் பெரியம்மாவும் இந்த வருசமும் தொலைபேசியில் பிடுங்குப்பட்டவை. நானும் இன்றைக்குப் பஞ்சாங்கம் கணித்த ஒருவரைப் பற்றித்தான் கதைக்க வந்திருக்கிறேன். ஆனால் அவர் யாழ்ப்பாணத்து ஐயர் இல்லை. அமெரிக்காவில் சப்பாத்துத் தைத்த ஒரு தொழிலாளி. பிறகு சட்டத்தரணியாகி, நீதிபதியாகி, அந்த நாட்டின் அரசியல் யாப்பை எழுதிய சபையில் இருந்தவர். பெயர் றோஜர் ஷேர்மன். ஷேர்மன் என்றவுடனே ஊரில் இருந்த கிராமச்சங்கச் சேர்மன் என்று நினைச்சுப் போடாதேங்கோ. அந்த மனிசன்ர குடும்பப் பெயரே அதுதான்.

செயலாளர் அண்ணை, “தம்பி, நீயும் ஒரு பத்து நிமிசம் கதையன்” என்று கேட்டபோது நான் பின்னடித்தேன். உயர்தரப் பரீட்சையோடு படிப்பு நின்றுபோனவன் நான். இங்கே வந்த நாள் தொட்டுத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறேன், இயந்திரம் பார்க்கிறேன். ஒரு கிழமை பகல், ஒரு கிழமை இரவு. மேடை எனக்குப் பழக்கமில்லை. ஆனால் இந்த மனிதரின் கதையைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது.

போன குளிர்காலம் குடியுரிமை விண்ணப்பத்துக்காக மாலை வகுப்புக்குப் போனேன். ஆசிரியை கரும்பலகையில் சுவிஸ் நாடாளுமன்றத்தை இரண்டு பெட்டியாகக் கீறிக் காட்டினா. ஒரு சபையில் 200 பேர். சனத்தொகைப்படி ஆசனம். மற்றச் சபையில் 46 பேர். அங்கே பெரிய மாநிலம், சின்ன மாநிலம் என்ற பேதமில்லை. மாநிலத்துக்கு இரண்டு பேர், அரை மாநிலம் என்றால் ஒருவர். சூரிச்சில் பதினைந்து லட்சத்துக்கு மேல் சனம், இரண்டு பேர். ஊரி மாநிலத்தில் நாற்பதாயிரம் சனமும் இல்லை, அதற்கும் இரண்டு பேர். நான் கையை உயர்த்தி, இது என்ன நியாயம் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை டொச்சில் கேட்டேன். ஆசிரியை சிரித்துவிட்டு, “இது எங்கட மூளை இல்லை. 1848இல் அமெரிக்காவைப் பார்த்து எழுதினது” என்றா. அமெரிக்காவில் யாருடைய மூளை என்று தேடப்போய்த்தான் நான் ஷேர்மனில் வந்து நின்றேன்.

றோஜர் ஷேர்மன் 1721ஆம் ஆண்டு சித்திரை மாதம் 19ஆம் திகதி, மசாசூசெற்ஸில் பொஸ்ரன் நகரத்துக்குக் கிட்டவுள்ள நியூட்டன் என்ற ஊரில் பிறந்தவர். தகப்பன் கமக்காரன். கமத்தோடு சப்பாத்தும் தைப்பார். மகனும் அந்தத் தொழிலைத்தான் பழகினார். பள்ளிக்கூடப் படிப்பு மிகக் குறைவு. ஊரிலிருந்த ஒரு பாதிரியார் அவருக்குப் புத்தகம் கொடுத்துக் கணக்கும் மற்றப் பாடங்களும் படிக்க உதவினார். சப்பாத்துத் தைக்கிற வாங்கில், கண் படுகிற இடத்தில் ஒரு புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு வேலை செய்வாராம். 1741இல் தகப்பன் செத்துப் போனார். தாயையும் இளைய சகோதரங்களையும் பார்க்கிற பொறுப்பு இருபது வயதும் நிரம்பாத இந்தப் பெடியன் தலையில் விழுந்தது. 1743இல் குடும்பம் கனெக்ரிக்கட்டில் தமையன் இருந்த நியூ மில்போர்ட் என்ற ஊருக்குப் போனது. தொழில் ஆயுதங்களை முதுகில் கட்டிக்கொண்டு றோஜர் அவ்வளவு தூரமும் நடந்தே போனார் என்று ஒரு கதை உண்டு. இங்கே இருக்கிற கனபேருக்கு இந்தக் கதையை நான் விளக்கத் தேவையில்லை. கையில் கிடைத்ததைக் கட்டிக்கொண்டு நடந்த ஆட்கள்தானே நாங்கள்.

புது ஊரில் அவர் சும்மா இருக்கவில்லை. தானாகப் படித்த கணக்கை வைத்து 1745இல் நில அளவையாளர் ஆனார். காணி அளக்கிறவனுக்குத்தானே காணிச் சண்டையெல்லாம் முதலில் தெரியவரும். தமையனோடு சேர்ந்து கடை போட்டார். 1750ஆம் ஆண்டிலிருந்து பத்து வருடத்துக்கு மேலாகப் பஞ்சாங்கம் வெளியிட்டார். சூரியன் உதிக்கிற நேரம், சந்திரன், கிரகணம் எல்லாம் தானே கணித்துப் போடுவார்.

சட்டம் எப்படி வந்தது? இதற்கும் ஒரு கதை சொல்வார்கள். அயலவர் ஒருவருக்கு ஒரு வழக்கு. நகரத்துச் சட்டத்தரணியிடம் போய்க் கேட்டு வரும்படி ஷேர்மனை அனுப்பினாராம். விசயத்தை மறக்காமலிருக்க ஷேர்மன் ஒரு தாளில் குறித்துக்கொண்டு போனார். சட்டத்தரணி அந்தத் தாளை வாங்கி வாசித்துவிட்டு, “இதை எழுதினது நீரோ? அப்ப நீரே சட்டம் படிக்கலாமே” என்றாராம். கதை எவ்வளவு உண்மையோ, முடிவு உண்மை. எந்தச் சட்டக் கல்லூரிக்கும் போகாமல், 1754இல் லிச்பீல்ட் என்ற ஊரில் அவர் சட்டத்தரணியாக ஏற்றுக்கொள்ளப்பட்டார். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு. மனைவி, பிள்ளைகள், கடை, காணி அளவை எல்லாம் ஒரு பக்கம். அதுக்குள்ளைதான் சட்டம்.

நான் இந்த இடத்தை வாசித்தது இரவு வேலையில், சாப்பாட்டு இடைவேளையில். பக்கத்திலிருந்த நண்பன், “பெட்டி அடுக்கிற உனக்கு ஏன்ராப்பா சட்டம்?” என்று கேட்டான். பகிடிக்குத்தான் கேட்டவன். ஆனாலும் அது எனக்குள்ளே கிடந்தது. ஊரில் நானும் சட்டம் படிக்க ஆசைப்பட்டவன்தான். இப்போது எங்கட கட்டிடத்தில் இருக்கிற வயதான ஆட்களுக்குக் காப்புறுதிக் கடிதம், வரிக் கடிதம் வந்தால், “தம்பி, இதை ஒருக்கால் வாசிச்சுச் சொல்லப்பு” என்று கொண்டு வருவினம். நான் அகராதியும் கையுமாக இருந்து வாசித்துச் சொல்வேன். எழுத வேண்டியதை எழுதியும் கொடுப்பேன். அதற்குமேலே போக வயது போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு அந்த முப்பத்திரண்டு என்ற எண் ஒரு அடி போலத்தான் விழுந்தது.

அதற்குப் பிறகு ஷேர்மனுக்கு வந்த பதவிகளைக் கேளுங்கோ. 1755இல் கனெக்ரிக்கட் சட்டசபை உறுப்பினர். 1760இல் மனைவி எலிசபெத் இறந்துபோக, அடுத்த வருடம் நியூ ஹேவன் நகரத்துக்கு இடம் மாறி, யேல் கல்லூரிக்குப் பக்கத்தில் கடை நடத்தினார். 1763இல் றெபேக்கா என்பவரை மணந்தார். இரண்டு மனைவியரிடமும் மொத்தம் பதினைந்து பிள்ளைகள். 1765இலிருந்து யேல் கல்லூரியின் பொருளாளர். கல்லூரி வாசலைப் படிக்க மிதிக்காத மனிதருக்கு அதே கல்லூரி 1768இல் கௌரவ முதுமாணிப் பட்டம் கொடுத்தது. 1766இலிருந்து உயர் நீதிமன்ற நீதிபதி, அதுவும் 23 வருடம். 1784இலிருந்து சாகும்வரை நியூ ஹேவன் மேயர்.

1774இல் பிரித்தானிய அரசுக்கு எதிராகப் பன்னிரண்டு குடியேற்ற நாடுகள் பிலடெல்பியாவில் காங்கிரஸ் கூட்டத் தொடங்கியபோது கனெக்ரிக்கட் அவரை அனுப்பியது. 1776இல் சுதந்திரப் பிரகடனம் எழுத ஐந்து பேர் கொண்ட குழு போட்டார்கள்: ஜெபர்சன், ஜோன் அடம்ஸ், பிராங்ளின், லிவிங்ஸ்ரன், ஷேர்மன். பேனா பிடித்தவர் ஜெபர்சன். அந்தக் காலத்தின் நான்கு பெரிய ஆவணங்கள், அதாவது 1774இன் வர்த்தகப் பகிஷ்கரிப்பு உடன்படிக்கை, 1776இன் பிரகடனம், முதலாவது கூட்டமைப்புச் சட்டம், 1787இன் அரசியல் யாப்பு, இந்த நான்கிலும் கையெழுத்து வைத்தவர் ஷேர்மன் ஒருவர்தான்.

ஆனால் அவர் பேச்சாளர் இல்லை. பேசும்போது அவர் கையை ஆட்டுகிற அலங்கோலத்தை ஜோன் அடம்ஸ் தன் நாட்குறிப்பில் எழுதிச் சிரித்திருக்கிறார். அதே அடம்ஸ்தான் அவருடைய நேர்மையைத் தலையில் வைத்துக் கொண்டாடியவர். வாழ்நாளில் ஒரு முட்டாள்தனமான வார்த்தை சொல்லாதவர் என்று ஜெபர்சன் ஒருமுறை அவரைக் காட்டிச் சொன்னாராம். மேடைக்குப் பயப்படுகிற எங்களைப் போன்றவர்களுக்கு இது கொஞ்சம் ஆறுதல்.

இப்போது கரும்பலகையிலிருந்த அந்த இரண்டு பெட்டிக்கு வருவோம். 1787ஆம் ஆண்டு, பிலடெல்பியா. கதவைப் பூட்டிக்கொண்டு 55 பேர் யாப்பு எழுத இருந்தார்கள். ஷேர்மனுக்கு வயது 66. பிராங்ளினுக்கு அடுத்த கிழவர் அவர்தான். சண்டை எதிலென்றால், ஆருக்கு எத்தனை வாக்கு என்பதில். பழைய முறையில் ஒரு மாநிலத்துக்கு ஒரு வாக்கு. வேர்ஜீனியா போன்ற பெரிய மாநிலங்கள், எங்களிடம் சனம் கூட, ஆகவே வாக்கும் கூட வேண்டும் என்றன. டெலவெயர் போன்ற சின்ன மாநிலங்கள், அப்படியென்றால் நாங்கள் இருந்தும் இல்லாத மாதிரித்தான் என்றன. மூன்று வருடத்துக்குப் பிறகு எடுத்த சனத்தொகைக் கணக்கில் வேர்ஜீனியா ஏறக்குறைய 7,47,000, டெலவெயர் 59,000. ஒன்றுக்குப் பன்னிரண்டுக்கு மேல்.

இது எங்களுக்குத் தெரியாத சண்டையா? விளையாட்டு விழாவுக்கு ஊர்ச்சங்கங்கள் எல்லாம் சேர்ந்து குழு போட்டபோது நடந்தது ஞாபகமிருக்கும். “எங்கட ஊரில இருந்து நூறு குடும்பம், உங்கட ஊரில இருந்து எட்டுக் குடும்பம், ரெண்டு பேருக்கும் ஒரு வாக்கோ?” என்று ஒரு ஐயா கேட்க, எட்டுக் குடும்பக்காரர் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினவர். விளையாட்டு விழாவுக்கே இப்படி என்றால் ஒரு நாட்டுக்கு எப்படி இருந்திருக்கும்!

ஷேர்மன் இதைப் பற்றி அன்றைக்குத்தான் யோசித்தவர் இல்லை. 1776இலேயே காங்கிரசில் அவர் ஒரு வழி சொல்லியிருந்தார்: ஒவ்வொரு தீர்மானத்துக்கும் ஆட்களையும் எண்ணுவோம், மாநிலங்களையும் எண்ணுவோம், இரண்டிலும் பெரும்பான்மை வந்தால் நிறைவேறட்டும். ஒருவரும் எடுபடவில்லை. பதினொரு வருடம் கழித்து, 1787 யூன் 11ஆம் திகதி, அதே யோசனையை இரண்டு சபையாகப் பிரித்துக் கொண்டுவந்தார். கீழ்ச்சபையில் சனத்தொகைப்படி ஆசனம். மேற்சபையில் எல்லா மாநிலத்துக்கும் சமம். இரண்டும் ஒத்துக்கொண்டால்தான் சட்டம். மேற்சபையில் சமத்துவம் என்ற அவருடைய பிரேரணை அன்றைக்கு ஆறுக்கு ஐந்து என்று தோற்றது. யூலை 2இல் மறுபடியும் வாக்கு. இந்த முறை ஐந்துக்கு ஐந்து. கூட்டம் கலைகிற நிலை. மாநிலத்துக்கு ஒருவராகக் குழு போட்டார்கள். அதில் இருக்கவேண்டிய கனெக்ரிக்கட்டின் எல்ஸ்வேர்த் சுகமில்லாமல் போக, அவர் இடத்துக்குப் போனவர் ஷேர்மன். யூலை 16ஆம் திகதி அந்த ஏற்பாடு ஐந்துக்கு நான்கு என்று நிறைவேறியது. மசாசூசெற்ஸ் தங்களுக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து நின்றது. அவ்வளவு மெல்லிய நூலில் தொங்கினது அந்த ஒற்றுமை.

அதோடும் விடவில்லை. எந்த மாநிலத்தின் சம்மதமும் இல்லாமல் அதன் சம வாக்கைப் பிற்காலத்தில் பறிக்க முடியாது என்றும் எழுத வேண்டுமென்று கடைசி நாட்களில் பிடிவாதமாக நின்றார். அதுவும் யாப்பில் ஏறியது, இன்றைக்கும் இருக்கிறது.

இன்னொரு சின்ன விசயம். 1752இல், கடைக்காரராக இருந்த காலத்தில், பெறுமதி இறங்கிக்கொண்டே போகிற அயல் மாநிலக் காசுத்தாள்களால் கடன் கொடுத்தவன் ஏமாற்றப்படுகிறான் என்று அவர் ஒரு சிறு நூல் எழுதினார். 35 வருடம் கழித்து, மாநிலங்கள் இனிமேல் காசுத்தாள் வெளியிடக்கூடாது என்ற தடையை யாப்பில் சேர்க்கும்படி பிரேரித்த இருவரில் ஒருவர் அவர். கல்லாப்பெட்டிக்குப் பின்னாலே நின்று பட்ட அனுபவம் சட்டமானது. இன்றைக்கு அமெரிக்க இரண்டு டொலர் தாளின் பின்பக்கத்தில் பிரகடனம் கையளிக்கிற படம் இருக்கிறது. காசுத்தாளுக்கு எதிராக எழுதின ஷேர்மனும் அதில் நிற்கிறார். அவர் பார்த்தால் என்ன சொல்லுவாரோ தெரியாது.

இதுவரை நல்லதைச் சொன்னேன். இனிச் சொல்லப்போவதையும் சொல்லாமல் விட்டால் நான் உங்களை ஏமாற்றினதாக முடியும்.

அந்தப் பூட்டிய அறைக்குள் இல்லாத ஆட்கள் இருந்தார்கள். கறுப்பின அடிமைகள். வேர்ஜீனியாவின் அந்த 7,47,000இல் 2,92,000க்கு மேற்பட்டோர் அடிமைகள். அவர்களுக்கு வாக்கில்லை, உரிமையில்லை. ஆனால் எசமானின் மாநிலத்துக்கு ஆசனம் கூட்டுவதற்கு மட்டும் ஐந்து பேரை மூன்று பேராக எண்ணினார்கள். ஷேர்மன் முதலில் கொண்டுவந்த யோசனையில் சுதந்திர மனிதரைத்தான் எண்ணச் சொன்னார். அன்றைக்கே மற்றவர்கள் அதை மாற்றினார்கள். கனெக்ரிக்கட்டும் அந்த மாற்றத்துக்கு வாக்களித்தது. ஆவணி மாதம் அடிமை வியாபாரம் பற்றிப் பேச்சு வந்தபோது, தனக்கு அது பிடிக்காது, ஆனால் ஒற்றுமை குலையாமலிருக்க அதை இருந்தபடி விடுவது நல்லது என்றார். முடிவில், 1808க்கு முன்னர் அதைத் தடைசெய்ய முடியாது என்று யாப்பு எழுதப்பட்டது. பெரிய மாநிலத்துக்கும் சின்ன மாநிலத்துக்கும் இடையில் இவ்வளவு நியாயம் பார்த்த மனிதர், அறைக்கு வெளியே நின்றவர்களின் கணக்கைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார். அந்தக் கணக்கு 1861இல் உள்நாட்டு யுத்தமாக வந்து ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட உயிரைக் கொண்டுபோனது.

இன்னும் ஒன்று. சனத்துக்கு விபரம் போதாது, இலகுவாக ஏமாற்றப்படுவார்கள், ஆகவே அரசாங்க விசயத்தில் அவர்கள் நேரடியாகத் தலையிடுவதைக் குறைக்கவேண்டும் என்றும் அதே சபையில் சொன்னவர் அவர். சப்பாத்து வாங்கிலிருந்து ஏறிவந்த மனிதர் இதைச் சொன்னார் என்று வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது. ஏறின ஏணியை மறக்கிறது எல்லா நாட்டிலும் உண்டு போல.

அந்த இரண்டு பெட்டி பிறகு கடல் கடந்து இங்கே வந்தது. 1847இல் சுவிஸ் மாநிலங்கள் தங்களுக்குள்ளே யுத்தம் செய்தன. ஒரு மாதமும் நீடிக்காத யுத்தம். அடுத்த வருடம் யாப்பு எழுதியபோது, தோற்ற சின்ன மாநிலங்களுக்கும் பயமில்லாமல் இருக்க ஒரு இடம் தேவைப்பட்டது. அமெரிக்க முறை கைகொடுத்தது. எங்கட நாட்டிலும் 1947 தொடக்கம் 1971 வரை செனற் சபை என்று ஒரு மேற்சபை இருந்தது. முப்பது பேர். பதினைந்து பேரைக் கீழ்ச்சபை தெரிவுசெய்யும், பதினைந்து பேரை மகாதேசாதிபதி நியமிப்பார். எந்தப் பிரதேசத்துக்கும் உரிமையான ஆசனம் அதில் இல்லை. மேற்சபை என்ற பெயர் ஒன்றுதான். உள்ளே சின்ன ஆளுக்கு ஒரு கதிரை நிச்சயமா இல்லையா என்பதில்தான் விசயம் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. சுவிஸின் அந்த 200 ஆசனத்தையும் மாநிலங்களுக்குப் பிரிக்கும்போது இங்கே வசிக்கிற வெளிநாட்டவரையும் சேர்த்துத்தான் எண்ணுகிறார்கள். அதாவது எங்களையும் எண்ணுகிறார்கள். வாக்கு மட்டும் குடியுரிமை எடுத்தவருக்கே. இதை அமெரிக்க அடிமைகளின் நிலையோடு ஒப்பிட மாட்டேன். அது பாவம். நாங்கள் வேலை முடிந்து எங்கட வீட்டுக்குப் போகிற ஆட்கள், எங்களுக்குக் கதவும் பூட்டியில்லை. ஆனால் எண்ணப்படுகிறது வேறு, அறைக்குள் இருக்கிறது வேறு என்பதை அந்த வகுப்பில்தான் நான் விளங்கிக்கொண்டேன்.

ஆகவே விண்ணப்பத்தை லாச்சிக்குள் வைத்துக்கொண்டு, “பிறகு பாப்பம்” என்று இருக்கிறவர்கள் அதை வெளியே எடுங்கோ. மொழி வராது என்று பயப்படுகிறவர்களோடு சனிக்கிழமைகளில் இருந்து படிக்க நான் வருவேன், சங்கத்திலும் கேட்டிருக்கிறேன். எனக்கும் இன்னும் பரீட்சை இருக்கிறது. வகுப்பு முடிய, தொழிலாளர் சட்டம் பற்றிய ஒரு மாலைப் படிப்புக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். நான் சட்டத்தரணி ஆகப்போவதில்லை. அடுத்தமுறை ஒரு அம்மா கடிதத்தோடு வந்தால் வாசித்துச் சொல்வதோடு நிற்காமல், இதற்கு என்ன செய்யலாம் என்றும் சொல்ல வேண்டும். அதுதான் ஆசை.

றோஜர் ஷேர்மன் செனற் சபை உறுப்பினராக இருக்கும்போதே, 1793 யூலை 23ஆம் திகதி, 72ஆவது வயதில் நியூ ஹேவனில் காலமானார். இரவு வேலைக்குப் போகிற ஒருவன் இரண்டு நூற்றாண்டுக்குப் பிறகு தன்னைப் பற்றி இப்படித் தமிழில் கதைப்பான் என்று அவர் கணித்த பஞ்சாங்கத்தில் இருந்திருக்காது.

பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ. எல்லோருக்கும் புத்தாண்டு நல்வாழ்த்துக்கள்.